பின்பக்கத்தில் இருந்த முப்பது நாள்

சாத்தூர், மேலக்காலனி
புரட்டாசி 20

அன்பு மகள் பானுப்பிரியாவுக்கு அம்மா சின்னத்தாய் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் உன் மகள் கீர்த்திகாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த ஜோர்டான் குளிரில் தலை ஈரத்தோடு வேலைக்கு ஓடாமல், வேளைக்கு நாலு வாய் சாப்பிட்டு, இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று இருக்கன்குடி மாரியம்மனிடம் தினமும் சொல்லி வைக்கிறேன். அவளுக்கு என் பேச்சு கேட்கிறதா என்று இந்த வருஷம் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்வதை நிறுத்தவில்லை. தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இவளுக்கு எதற்குப் பேனாவும் பேப்பரும் என்று நினைப்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பொய்தான் வருகிறது. எல்லாம் நல்லா இருக்கு தாயி என்று சொல்லிவிட்டுக் கீர்த்திகா கையில் போனைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறேன். உங்கள் கம்பெனி சூப்பர்வைசர் ஹரிபிரசாத் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறாராம், அவர் வீடு நம் சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தானே, நேரே போய்க் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். கூடவே பருப்புப் பொடியும் பூண்டு ஊறுகாயும் வைத்திருக்கிறேன். வழக்கமாக வைக்கிற சேவு வைக்கவில்லை. ஏன் என்று நீயே வாசித்துத் தெரிந்துகொள்வாய். இன்று காலையிலிருந்து தூறல், வெயில் இல்லாவிட்டால் களத்தில் காயப் போட்டது காயாது, மின்னல் வெட்டினால் யாரையும் உள்ளே விடவும் மாட்டார்கள், அதனால் எங்கள் பட்டாசுக் கம்பெனிக்கு லீவு. தீபாவளி நெருங்குகிற சீசனில் ஒரு நாள் கூலி போனால் வயிறு எரியும். இன்று எரியவில்லை. அதற்கும் காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

வீடு கையை விட்டுப் போனது உனக்குத் தெரியும். எப்படிப் போனது என்று உனக்குத் தெரியாது. யோகலட்சுமி அக்கா மனசு மாறிவிட்டார், வேறு ஆள் கூடுதலாகக் கேட்டதும் கொடுத்துவிட்டார் என்று உன்னிடம் போனில் சொன்னேன் அல்லவா, அது பொய். ஒரு நல்ல பொம்பளை மேல் பழியைப் போட்டுவிட்டு இரண்டு மாதமாக நான் நிம்மதியாகச் சோறு தின்னவில்லை. வீட்டைத் தொலைத்தது நான்தான் பானு. நீ ஐந்து வருஷம் தையல் மிஷினில் முதுகு ஒடிய உட்கார்ந்து சேர்த்தது, உன் பிள்ளை மூன்று வயதிலிருந்து அம்மாவைப் போனில் மட்டும் பார்த்து வளர்ந்தது, வீடு முடிந்த அன்றைக்கு டிக்கெட் போடுகிறேன் என்று நீ அவளுக்குக் கொடுத்த வாக்கு, எல்லாவற்றையும் ஒரு கையெழுத்தில் நான் கெடுத்துவிட்டேன். எப்படி என்று ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், நீ திட்டுவதானால் முழுசும் தெரிந்தே திட்டு.

எங்கள் போர்மேன் வெள்ளைத்துரையை உனக்குத் தெரியும். சீசன் இல்லாத மாதங்களில் வீடு நிலம் பேசி முடித்துக் கொடுக்கிற வேலையும் பார்ப்பார். தை மாதம் அவராகவே வந்து, மகள் நல்லாச் சம்பாதிக்கிறாளாமே, வீடு பார்க்கச் சொன்னால் நான் பார்த்துத் தர மாட்டேனா என்று கேட்டார். போர்மேன் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்கிற தைரியம் எந்தக் கம்பெனியில் எந்தப் பொம்பளைக்கு இருக்கிறது? சரி அண்ணாச்சி என்றேன். மறுநாள் காலையில் கேட்டுக்குள் நுழைந்ததும் கையெழுத்து நோட்டு இருக்குமே, பாதுகாப்பு விதிகளைப் படித்தேன், புரிந்துகொண்டேன், அதன்படி நடப்பேன் என்று மேலே அச்சடித்துக் கீழே வரிசையாக எங்கள் பெயர் போட்டிருக்கும், அந்த நோட்டின் மேல் ஒரு முத்திரைப் பத்திரத்தை வைத்தார். வீடு பாக்குறதுக்கு ஒரு பேப்பர், இதுலயும் ஒண்ணு போட்டுட்டுப் போ என்றார். பின்னால் நாற்பது பேர் செல்போனைக் கொடுத்துவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள். இருபத்திரண்டு வருஷமாக அந்த நோட்டில் ஒரு நாளும் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று நான் வாசித்ததில்லை, கை தானாகப் போகும், போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். அன்றைக்கும் கை தானாகப் போனது. எட்டாம் வகுப்பு வரை படித்து, தமிழ்ப் பாடத்தில் வகுப்பில் முதலாவதாக வந்தவள் நான், அதை உன்னிடம் எத்தனை தடவை பீற்றியிருப்பேன். அந்தப் பத்திரத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நகலை மடித்துக் கொடுத்தார், அதை ரேஷன் கார்டோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். உன் அப்பா கைநாட்டு என்று நான் கேலி செய்யாத நாள் உண்டா? இப்போது அவர் முறை. படிக்காதது எனக்கு எம்புட்டு நல்லதாப் போச்சு பாத்தியா என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அதைக்கூடச் சொல்லவில்லை, சொன்னால் தேவலாம் என்று இருக்கிறது.

அந்தப் பத்திரத்தில் இருந்தது இதுதான். ஒரு வருஷத்துக்கு, அதாவது வருகிற தை வரைக்கும், நான் வீடு வாங்கினால் வெள்ளைத்துரை மூலமாகத்தான் வாங்க வேண்டும். நானாகப் பார்த்து நானாக வாங்கினாலும் கிரயத் தொகையில் நூற்றுக்கு இரண்டு அவருக்குத் தரகு வர வேண்டும். மாசியில் ஒரு வீடு காட்டினார், வீடு நன்றாகத்தான் இருந்தது, போக வரப் பாதை இல்லை, அடுத்தவன் தோட்டத்துக்குள் புகுந்து போக வேண்டும். பங்குனியில் காட்டியதில் அண்ணன் தம்பி மூன்று பேருக்குக் கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. சித்திரையில் காட்டியது கம்பெனி மதில் சுவரை ஒட்டிய மனை, அங்கே நின்றால் மருந்து வாடை அடிக்கிறது. எந்த வாடையிலிருந்து என்னை வெளியே எடுக்க வேண்டும் என்று நீ வீடு வாங்கச் சொன்னாயோ அதற்குள்ளேயே குடி வைக்கப் பார்த்தார். நாலாவது தடவை கூப்பிட்டபோது கால்வலி என்று போகவில்லை. ஐந்தாவதுக்கும் போகவில்லை. அப்புறம் அவரும் கூப்பிடவில்லை. இங்கேதான் நான் தப்புக் கணக்குப் போட்டேன் பானு, இந்தத் தப்பை நம் பக்கத்து ஆட்களைத் தவிர வேறு யாரும் பண்ண மாட்டார்கள். ஒரு கம்பெனியை விட்டு நிற்பதற்கு நாம் யாராவது எழுதிக் கொடுக்கிறோமா? தீபாவளி கழிந்து கம்பெனி திறக்கிற பூஜைக்குப் போய்ச் சந்தனம் பூசிக்கொண்டால் வேலையில் இருக்கிறோம், போகாமல் இருந்துவிட்டால் நின்றுவிட்டோம். அவர்களும் கேட்க மாட்டார்கள், நாமும் சொல்ல மாட்டோம், மூஞ்சியில் அடித்தாற்போல் நிற்கிறேன் என்று சொல்வதைவிடப் போகாமல் இருப்பதுதான் மரியாதை. நானும் அப்படித்தான் நினைத்தேன். நாம் போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை, வெள்ளைத்துரையோடு பேச்சு முடிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

ஆனியில் யோகலட்சுமி அக்கா வீடு விலைக்கு வருகிறது என்று தெரிந்தது. கீர்த்திகா பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளராக இருந்தாரே, அவரேதான். அவர் வீட்டுக்காரர் ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பணத்தில் ஒரு கல்லுக்கு இரண்டு கல் வைத்துக் கட்டிய வீடு. அவர் காலமான பிறகு தனியாக இருக்க முடியவில்லை, மகனோடு கோயம்புத்தூருக்குப் போகிறார். நான் போய்க் கேட்டதும் உன்னைத்தான் முதலில் விசாரித்தார். பானு பிள்ளைக்குன்னா நான் கொறச்சே தாரேன், ஆனா நடுவுல ஒரு ஆளு வரப்படாது, அப்படி யாரும் இருந்தா இப்பவே சொல்லிரு சின்னத்தாயி என்றார். அவர் கொழுந்தனார் நிலத்தை விற்றபோது தரகர் வாங்குகிறவரிடம் ஒரு விலை விற்கிறவரிடம் ஒரு விலை சொல்லி நடுவில் சுருட்டிக்கொண்டு குடும்பமே இரண்டாகிவிட்டதாம், அதிலிருந்து அவருக்குத் தரகர் என்றாலே ஆகாது. நான் நெஞ்சில் கை வைத்து, யாரும் இல்லைக்கா, ஒரு ஆளிடம் சொல்லியிருந்தேன், அவரிடமிருந்து நின்றுவிட்டேன் என்றேன். பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை பானு. அந்த நிமிஷம் அது எனக்குச் சத்தியமான உண்மை.

ஆனி கடைசி வெள்ளிக்கிழமை முன்பணம் கொடுத்தோம், வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம், ஆடியில் கிரயம் பண்ணக் கூடாது என்பதால் ஆவணி முதல் முகூர்த்தத்தில் பதிவு என்று பேசினோம். கீர்த்திகாவையும் கூட்டிப் போயிருந்தோம். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அவள், நீ வந்து தையல் கடை போடத் தோதான தெருப் பக்கத்து முன் அறைக்குள் போய்ப் பையிலிருந்த சாக்பீஸால் தரையில் மூன்று கட்டம் போட்டிருந்தாள். அம்மாச்சி, மிஷின் இங்கன, அம்மா இங்கன உக்காரும், நான் இங்கன உக்காந்து ஹோம்வொர்க் எழுதுவேன் என்று காட்டினாள். யோகலட்சுமி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதை அழிக்க மாட்டேன், பெருக்கும்போது சுற்றிப் பெருக்குகிறேன் என்றார். உன் அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். மில்லில் வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டு உனக்குப் பட்டன் தைத்துத் தருவாராம். ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாது அவருக்கு.

மறுநாள் நான் செய்த காரியத்தைக் கேள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்ச் சேவு வாங்கினேன், சின்னச் சின்னப் பொட்டலமாகப் போடச் சொல்லி, லேபிள் ஒட்டுகிற எங்கள் அறையில் எல்லோருக்கும் கொடுத்தேன், பக்கத்து அறைக்கும் கொடுத்தேன், சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை, போர்மேனுக்கும் ஒரு பொட்டலம் கொண்டுபோய் நானே என் கையால் கொடுத்தேன். என்ன விசேஷம் என்றார். வீடு முடிஞ்சிருச்சு அண்ணாச்சி என்றேன். எந்த வீடு, யாருடையது, எப்போது கிரயம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். நல்லது, நல்லது, பிள்ளை சம்பாத்தியம் வீணாகாமல் இருந்தால் சரி என்று சொல்லிக்கொண்டே சேவைத் தின்றார். ஆடி முழுக்கத் தினமும் காலையில் அவர் முன்னால்தான் கையெழுத்துப் போட்டேன், ஒரு வார்த்தை இல்லை. நாங்களும் ஆடி எப்போது முடியும் என்று காலண்டரைக் கிழித்துக்கொண்டு சும்மாவே உட்கார்ந்திருந்தோம்.

ஆடி கடைசி வாரத்தில் வெள்ளைத்துரை அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு நேராக யோகலட்சுமி அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார். இந்த வீட்டை வாங்குகிற பார்ட்டி என்னுடைய பார்ட்டி, தை வரைக்கும் எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல் கிரயம் நடந்தால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று சொல்லிவிட்டு என் கையெழுத்தைக் காட்டியிருக்கிறார். சாயங்காலம் அக்கா ஆள் விட்டுக் கூப்பிட்டார். தாம்பாளத்தில் முன்பணத்தை அப்படியே வைத்திருந்தார், அதன் மேல் வெற்றிலை பாக்கு. உட்காரச் சொல்லவில்லை. "நடுவுல ஆளு இல்லைன்னு நெஞ்சுல கை வச்சுச் சொன்னியே சின்னத்தாயி, எங்க வீட்டுக்காரர் கட்டுன வீட்டுல நின்னு எங்கிட்டப் பொய் சொல்லிட்டியே" என்றார். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். போகாமல் இருந்துவிட்டேன், அதனால் நின்றுவிட்டது என்று நினைத்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் கம்பெனியில் வேலை பார்த்தவரா, பூஜைக்குப் போகாமல் நிற்பது என்றால் அவருக்கு என்ன புரியும்? அழுகைதான் வந்தது. அவரும் அழுதார். ஆனாலும் தாம்பாளத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். ஆவணி முதல் முகூர்த்தத்தில் அந்த வீடு சிவகாசி பிரஸ் ஒன்றில் மேனேஜராக இருப்பவருக்குக் கிரயமானது.

இத்தோடு விட்டுவிடலாம் என்று உன் அப்பா சொன்னார். எனக்கு விட மனசில்லை, தை வரைக்கும் இந்த ஆளுடைய கயிறு என் கழுத்தில் கிடக்கக் கூடாது, நாளைக்கே வேறு வீடு வந்தாலும் இதே கதைதானே. வெள்ளைத்துரையிடம் போய், நீங்க எனக்கு வீடு பாக்க வேண்டாம் அண்ணாச்சி, அந்தப் பத்திரத்தைக் கிழிச்சுப் போட்டுருங்க என்று கேட்டேன். அவர் அந்தக் காலைக் கையெழுத்து நோட்டைத் தட்டிக் காட்டினார். "காயிதம்னா காயிதந்தான் சின்னத்தாயி. இதுல போட்ட கையெழுத்த நாளைக்கு இல்லைம்பியா?" என்றார். அடுத்த திங்கட்கிழமை கூலியைப் போக்கிக்கொண்டு சூலக்கரைக்குப் பஸ் ஏறினேன். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்குவார்களே, எழுதிக் கொடுக்கலாம் என்று வரிசையில் நின்றேன். அங்கே இலவசமாகச் சட்ட உதவி சொல்கிற மேஜையில் ஒரு வக்கீல் பெண் உட்கார்ந்திருந்தது, உன் வயதுதான் இருக்கும். பத்திரத்தை வாங்கி முன்பக்கத்தை வாசித்தது, திருப்பிப் பின்பக்கத்தை வாசித்தது, என்னை நிமிர்ந்து பார்த்தது. ஏம்மா, இதை நீங்க எப்ப வேணும்னாலும் முடிச்சிருக்கலாமே, பின்னாடியே எழுதியிருக்கே, வாசிக்கலையா என்று கேட்டது.

பின்பக்கத்தில் நாலாவது வரி. வாங்குபவருக்கு விருப்பம் இல்லாவிட்டால் முப்பது நாள் முன்பாக எழுத்து மூலம் அறிவித்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம், அதற்குப் பிறகு முகவர் காட்டிய வீட்டை வாங்கினால் மட்டுமே தரகு உண்டு. அவ்வளவுதான் பானு. யோகலட்சுமி அக்கா வீட்டை அவர் எனக்குக் காட்டவே இல்லை. முன்பணம் கொடுத்த அன்றைக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டிருந்தால் ஆடி முடிவதற்குள் முப்பது நாள் முடிந்திருக்கும், ஆவணி முகூர்த்தத்தில் யாரும் வந்து நின்றிருக்க முடியாது. ஆடி போகட்டும் ஆடி போகட்டும் என்று காலண்டர் கிழித்தோமே, அந்த நாட்கள்தான் அது. வெள்ளைத்துரைக்கு அது தெரிந்திருக்கிறது, அதனால்தான் ஆடி முழுக்க வாயைத் திறக்கவில்லை. நான் கலெக்டர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நல்ல தமிழில்தான் எழுதியிருந்தது, எனக்குப் புரியாத ஒரு வார்த்தைகூட இல்லை. புரியாமல் இருந்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

அந்தப் பெண் சொல்லச் சொல்ல நானே என் கையால் எழுதினேன். மேற்படி ஒப்பந்தத்தைத் தொடர எனக்கு விருப்பம் இல்லை, இன்றிலிருந்து முப்பது நாளில் முடித்துக்கொள்கிறேன் என்று மொத்தமே நாலு வரி. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் போட்டேன். வெள்ளைத்துரை கையெழுத்துப் போட்டு வாங்கிய அட்டை மூன்றாம் நாள் திரும்பி வந்தது. நேற்றோடு முப்பது நாளும் முடிந்தது. இப்போது அந்த ஆளுக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் வாங்குவதற்கு வீடும் இல்லை. நாலு வழிச்சாலைப் பக்கம் விலை ஏறி, அந்த ஏற்றம் நம் தெரு வரைக்கும் வந்துவிட்டது, உன் பணத்துக்கு இனி யோகலட்சுமி அக்கா வீட்டில் பாதிகூடக் கிடைக்காது என்கிறார்கள். புது வீட்டுக்காரர் முன் அறைத் தரையில் டைல்ஸ் ஒட்டிவிட்டார். கீர்த்திகா அந்தத் தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும், ஒரு வாரம் தினமும் எட்டிப் பார்த்தாள், இப்போது சுற்றிக்கொண்டு கம்மாய்க்கரை வழியாகப் போகிறாள். அம்மா எப்போது வரும் என்று கேட்பதையும் நிறுத்திவிட்டாள், அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஹரிபிரசாத் இந்தக் கடிதத்தைக் கொடுக்கும்போது பக்கத்தில் யாராவது இருந்தால் தனியாகப் போய் வாசி. என் பதிவுத் தபால் போய்ச் சேர்ந்த மறுநாளே வெள்ளைத்துரை என்னை லேபிள் ஒட்டுகிற இடத்திலிருந்து மருந்து அடைக்கிற அறைக்கு மாற்றிவிட்டார். சீசன், ஆர்டர் அதிகம், ஆள் போதாது என்று காரணம் சொன்னார். நீ எந்த அறைக்கு நான் போகக் கூடாது என்று விமானம் ஏறும்போது சத்தியம் வாங்கினாயோ அதே அறை. இப்போது காலையில் அந்த நோட்டை நான் வாசிக்கிறேன். முழுசாக, மேலிருந்து கீழே வரைக்கும். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுக்கிறார்கள், ஏன்த்தா, பரீட்சைக்கா படிக்கே என்று கிண்டல் செய்கிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா, மருந்து அடைக்கிற அறையில் நான்கு பேருக்கு மேல் வேலை செய்வதில்லை என்று எழுதியிருக்கிறது. நாங்கள் ஏழு பேர் இருக்கிறோம். வாசிக்காமல் இருபத்திரண்டு வருஷம் போட்டேன், இப்போது வாசித்துவிட்டும் போடுகிறேன் பானு. போடாவிட்டால் தீபாவளி போனஸ் கிடையாது, வருஷம் பூராவும் அந்தப் போனஸைச் சொல்லித்தான் எல்லா இடத்திலும் தவணை கேட்டு வைத்திருக்கிறோம். வாசிக்கத் தெரிந்து என்ன பிரயோஜனம் என்று மனசு விட்டுப்போய்விட்டது. இன்று தூறல் போட்டதும் வயிறு எரியாமல் இருந்ததற்கு இதுதான் காரணம், ஒரு நாளாவது அந்த அறைக்குப் போக வேண்டாம் என்று இருந்தது.

போன வாரம் நீ போனில், வீடுதான் இல்லைன்னு ஆகிப்போச்சே, இன்னும் ரெண்டு வருசத்துக்கு எழுதிக் கொடுத்துர்றேன்மா என்றாய். நான் சரி தாயி என்றேன். சரி என்று சொன்னதற்காகத்தான் இந்தக் கடிதமே. இரண்டு வருஷம் என்றால் உனக்கு இரண்டு வருஷம், எனக்கு இரண்டு சீசன். ஒவ்வொரு சீசனிலும் நம் பக்கத்தில் எங்கேயாவது ஒரு இடத்தில் சத்தம் கேட்கிறது, யார் வீட்டுப் பொம்பளை என்று எல்லோரும் ஓடுகிறோம். ஊருக்கு வா என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வந்தால் உட்கார வீடு இல்லை, மிஷின் போட அறை இல்லை, இந்தக் காலனி வீட்டில் மேலே இருந்து காரை உதிர்கிறது, நாலு பேர் படுத்தால் கால் நீட்ட இடம் கிடையாது. வந்து என்னம்மா செய்வேன் என்று நீ கேட்டால் எனக்குப் பதில் தெரியாது, யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன், தெரியவில்லை. அங்கேயே இரு என்று சொல்லலாம் என்றால் கம்மாய்க்கரை வழியாகப் பையை மாட்டிக்கொண்டு போகிற பிள்ளை கண் முன்னால் வந்துவிடுகிறது. அதனால் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். மாதக் கடைசியில் உன் கம்பெனியில் அந்த இரண்டு வருஷத்துக்கான பேப்பரை நீட்டுவார்கள் அல்லவா, பின்னால் எத்தனை பேர் நின்றாலும் நிற்கட்டும், திருப்பிப் பார். உனக்கு அந்தப் பாஷை புரியாவிட்டால் ஹரிபிரசாத்தை வைத்து வாசிக்கச் சொல். இடையில் ஊருக்கு வர வழி இருக்கிறதா, எத்தனை நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று பார். வாசித்த பிறகும் போட்டுத்தான் ஆக வேண்டுமா என்று ஒரு நாள் யோசி. நான் போட்டுத்தான் ஆக வேண்டியவள் ஆகிவிட்டேன். நீயும் அப்படி ஆகிவிடாதே தாயி. வீடு இருந்தால்தான் வருவேன் என்று பிள்ளைக்குச் சொன்னதை வேண்டுமானால் மாற்றிக்கொள், அவள் ஒன்றும் நினைக்க மாட்டாள். அவள் போட்ட மூன்று கட்டமும் சின்னதுதான், காலனி வீட்டிலும் அடங்கும்.

யோகலட்சுமி அக்கா கோயம்புத்தூர் கிளம்புகிற அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் எட்ட நின்று பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தாரா தெரியவில்லை. உனக்கு அவர் நம்பர் இருந்தால் ஒரு தடவை பேசு, அம்மா பொய் சொல்லவில்லை, தெரியாமல் சொன்னாள் என்று சொல். நான் சொன்னால் நம்ப மாட்டார். கீர்த்திகா இந்த வருஷம் பட்டாசு வேண்டாம் என்கிறாள், அவள் கேட்ட நீலப் பாவாடைத் துணி எடுத்து வைத்திருக்கிறேன், அளவு எழுதிக் கீழே வைக்கிறேன், தைக்கக் கொடுக்கவில்லை, ஏன் கொடுக்கவில்லை என்று உனக்கே தெரியும். பூண்டு ஊறுகாயை ஈரக் கரண்டி போட்டு எடுக்காதே. முழங்கால் வலிக்குத் தைலம் தேய், தள்ளிப் போடாதே. உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார், என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை, அவருடைய ஆசீர்வாதமும் சேர்த்து எழுதச் சொல்லிக் கையை மட்டும் காட்டினார். நீ எங்கே இருந்தாலும் உன் காலில் ஒரு முள் குத்தாமல் இருக்கட்டும், உன் பிள்ளை தலையை உன் கையாலேயே நீ பின்னி விடுகிற காலம் வரட்டும்.

இந்தக் கடிதத்தை முன்பக்கமும் பின்பக்கமும் இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டேன். எழுதியிருப்பதெல்லாம் உண்மை. வெகு நாளைக்குப் பிறகு மனசறிந்து ஒரு கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
ஆ. சின்னத்தாய்

கீர்த்திகா பாவாடை அளவு: இடுப்பு இருபத்திரண்டு, உயரம் இருபத்தெட்டு. வளருகிற பிள்ளை, மடிப்பு நிறைய விட்டுத் தை.